நாகைக் கடலில் சின்னப் படகு இறக்குமுன்: வானிலை பார்க்கும் முறை

எங்கள் வீட்டில் யாருக்கும் கடல் தெரியாது. கீழையூர் பக்கம் வயல். மழை வருமா, மேட்டூர் திறப்பார்களா என்பதோடு எங்கள் வானிலை அறிவு முடிந்துவிடும். மீனவ நண்பர் ஒருவரோடு பங்கு போட்டு ஒரு ஃபைபர் படகு வாங்கிய பிறகுதான் நாட் (கடலில் வேகத்தின் அளவு), ஓதம் (கடல்நீர் ஏறி வற்றுவது), கூண்டு (துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கை) என்று ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டி வந்தது. படித்ததும் ஒழுங்காகப் படிக்கவில்லை.

ஒரு சித்திரை மாதம், நண்பர் ஊரில் இல்லாத நாள். விடியற்காலை நாலு மணிக்குக் கடல் குளம் மாதிரி கிடந்தது. ஃபோனில் மதியக் காற்று 16 என்று போட்டிருந்தது. கிலோமீட்டர் என்று நினைத்துக்கொண்டேன். அது 16 நாட், அதாவது மணிக்கு 30 கிலோமீட்டர். பகல் ஒரு மணிக்கு, வெள்ளையாறு கடலில் சேரும் வாய்க்குத் திரும்பி வந்தபோது, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே வெள்ளை நுரை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே நுழைந்ததும் பின்னாலிருந்து வந்த அலை படகின் பின்பக்கமான அமரத்தைத் தூக்கியது. இன்ஜின் வால் மணலில் குத்தியது. படகு குறுக்கே திரும்பி நீர் ஏற்றிக்கொண்டது. கூட வந்த பையனும் நானும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, எங்கள் ஐஸ்பெட்டி கரையோரமாக வடக்கே மிதந்து போவதைப் பார்த்தோம். வலை, இன்ஜின் விசிறி, பெட்டி எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்துக்கு மேல் போனது. இரண்டு பேரும் நீந்தத் தெரிந்தவர்கள் என்பதால் பணத்தோடு போயிற்று.

தொழிலிலேயே பிறந்தவர்களுக்கு நான் கீழே எழுதுவது சிரிப்பாக இருக்கும். இது என்னைப் போலப் புதிதாக வருபவர்களுக்கு. பழையாறு முதல் கோடியக்கரை வரை சின்னப் படகில் கரையோரம் போய்வருகிறவர்கள் எல்லோருக்கும் பொருந்தும்.

1. உங்கள் கடலின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

எச்சரிக்கை ஊர்ப் பெயரில் வராது, கடல் பெயரில் வரும். பழையாறு, திருமுல்லைவாசல், பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி எல்லாம் தென்மேற்கு வங்கக்கடலின் ஓரம். கோடியக்கரை முனையைச் சுற்றித் தெற்கே திரும்பினால் பாக் நீரிணை. இரண்டும் ஒன்றல்ல. பாக் பக்கம் ஆழம் குறைவு, அதனால் அலை உயரம் குறைவாக இருந்தாலும் நெருக்கி நெருக்கி அடிக்கும். வேதாரண்யத்துக்கு வடக்கே சும்மா இருக்கிற நாளில், முனைக்கு அந்தப் பக்கம் நிற்க முடியாது.

செய்தியில் "மன்னார் வளைகுடா, குமரிக்கடல்" என்று மட்டும் சொன்னால் அது நமக்கான தடை இல்லை. "தமிழகக் கடலோரம்" அல்லது "தென்மேற்கு வங்கக்கடல்" என்று வந்தால் நமக்குத்தான். முதல் மூன்று மாதம் இந்த வேறுபாடு புரியாமல், போகக் கூடிய நாளில் வீட்டிலும் போகக் கூடாத நாளில் கடலிலும் இருந்திருக்கிறேன்.

2. காகிதங்கள்

வானிலைக்கும் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். தேடல் என்று வந்தால் முதலில் கேட்பது படகின் பதிவு எண்ணும் யார் யார் போனார்கள் என்பதும்தான்.

படகுப் பதிவும் மீன்பிடி உரிமமும் மீன்வளத் துறையில். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983-இன் கீழ் வருபவை இவை. பழைய படகு வாங்கினால் உரிமையாளர் பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். "அப்புறம் மாத்திக்கலாம்" என்று விற்பவர் சொல்வதை நம்பி ஐந்து மாதம் அலைந்தேன். ஆளுக்கு ஓர் அடையாள அட்டை, ஆதார் நகல், காப்பீட்டுத் தாள், பதிவுப் புத்தகத்தின் நகல் ஆகியவற்றை லேமினேட் செய்து, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டுப் படகில் கட்டி வையுங்கள். மூலத்தை வீட்டிலேயே வையுங்கள். நான் மூலத்தைக் கொண்டுபோய் நனைத்தவன்.

மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீட்டில் உயிரிழப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம். அதில் பெயர் இருக்கிறதா என்பதைக் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். "சேர்த்தாச்சு" என்று வாயால் சொன்னதை மட்டும் நம்பாமல் பட்டியலில் உங்கள் பெயரைக் கண்ணால் பாருங்கள்.

இன்னொன்று. மீன்பிடிப் படகில் காசு வாங்கிக்கொண்டு சுற்றுலா ஆட்களை ஏற்றாதீர்கள். வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டத்தில் ஆசை காட்டுவார்கள். உரிமம் மீன்பிடிக்கத்தான்.

3. முந்தின நாள் மாலை: போகலாமா கூடாதா

இந்தக் கேள்விக்கு வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கை ஒன்றே போதும். அது "செல்ல வேண்டாம்" என்றால் அதோடு முடிந்தது. வேறு எந்தச் செயலியையும் திறக்காதீர்கள். திறந்தால் போகலாம் என்று சொல்கிற ஒரு செயலி கிடைக்காமல் போகாது.

வழக்கமாக அதில் வரும் வாசகம், "சூறாவளிக் காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும்". முதல் எண்ணைப் பார்த்து முடிவெடுக்கிறவர்கள் உண்டு. படகைக் கவிழ்ப்பது அந்த "இடையிடையே"தான்.

எச்சரிக்கை வந்த நாளில் விசைப்படகுகளுக்கு மீன்வளத் துறை கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் தராது. ஃபைபர் படகு கரையிலிருந்து நேராக இறங்குவதால் தடுக்க ஆள் இருக்காது. பல ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்தே "யாரும் இறங்க வேண்டாம்" என்று மைக்கில் சொல்லிவிடும். அதையும் மீறி இறங்கினால் கடலில் மட்டுமல்ல, கரையிலும் பதில் சொல்ல வேண்டும்.

நாகையிலும் காரைக்காலிலும் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு எண்ணின் பொருள்: 1 என்றால் தூரத்தில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது. 2 என்றால் தூரத்தில் புயலே உருவாகிவிட்டது. 3 வந்தால் நம் பக்கமே பலத்த காற்று, 4 வந்தால் துறைமுகத்துக்கு அச்சுறுத்தல். 5, 6, 7 புயல் அபாயம். துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரை கடக்கும் என்பதில்தான் இந்த மூன்றுக்கும் வேறுபாடு. 8, 9, 10 அதே வரிசை, கடும் புயலுக்கு. 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. எண் 1 ஏறியதும் "இன்னும் ஒன்பது இருக்கு" என்று கிண்டல் செய்வார்கள். ஒன்றிலிருந்து நேரே மூன்றுக்கும் தாவும். வரிசையாகத்தான் ஏற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

4. எண்களைப் படிக்கும் முறை

தடை எதுவும் இல்லை என்று ஆன பிறகுதான் இந்த வேலை. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் கடல் நிலை முன்னறிவிப்பை இலவசமாகத் தருகிறது. காற்று, அலை உயரம், பெரு அலை, நீரோட்டம் எல்லாம் அதில் உண்டு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃப்ரெண்ட் செயலி அதே தகவலைத் தமிழில் காட்டும். கூடவே விண்டி போன்ற பொதுச் செயலிகள். இவற்றுக்குக் காசு கட்டத் தேவையே இல்லை. நான் ஓர் ஆண்டுச் சந்தா கட்டினேன், அதில் கிடைத்த கூடுதல் தகவல் எதையும் கரையோரத் தொழிலுக்குப் பயன்படுத்தியது கிடையாது.

எண்களில் நான்கு இடங்களில் இடறுவோம்.

அலகு முதலாவது. ஒரு நாட் 1.85 கிலோமீட்டர். மனக்கணக்குக்கு இரண்டால் பெருக்கிக் கொஞ்சம் குறையுங்கள். சில இடங்களில் வினாடிக்கு மீட்டர் என்று இருக்கும், அதை 3.6-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். செயலியை நிறுவிய அன்றே அமைப்பில் போய் ஒரே அலகாக மாற்றிவிடுங்கள். என் ஐஸ்பெட்டி போனது இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாததால்தான்.

இரண்டாவது நேரம். சில படங்களில் உலகப் பொது நேரம் போட்டிருக்கும். அதோடு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். படத்தில் 06 என்றால் நமக்கு முற்பகல் 11.30. விடியற்காலை ஆறு மணி என்று எண்ணிவிட்டால் எல்லாக் கணக்கும் தலைகீழ்.

மூன்றாவது அலை உயரம். முன்னறிவிப்பில் 1 மீட்டர் என்று இருப்பது எல்லா அலையின் உயரமும் இல்லை, எல்லா அலைகளிலும் உயரமான மூன்றிலொரு பங்கின் சராசரி. நடுநடுவே கிட்டத்தட்ட அதைப் போல இரண்டு மடங்கு அலையும் வரும். ஒரு மீட்டர் என்றால் ஆறடி அலைக்கும் தயாராக இருங்கள் என்று பொருள்.

நான்காவதைத்தான் புதியவர்கள் பார்ப்பதே இல்லை: ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள வினாடி. ஒன்றேகால் மீட்டர் அலை 4 வினாடிக்கு ஒன்று வந்தால் படகின் முன்பக்கமான அணியம் ஏறி இறங்கி ஓயாது, ஆள் நிற்க முடியாது. அதே உயரம் 12 வினாடிக்கு ஒன்று என்றால் நடுக்கடலில் தாலாட்டு மாதிரி இருக்கும், ஆனால் அதே அலை ஆழம் குறைந்த ஆற்றுவாயில் எழும்பி உடையும். தூரத்துப் புயலிலிருந்து வரும் பெரு அலை இந்த இரண்டாம் வகை. காற்றே இல்லாத நாளில் வாய் அடைபட்டுக் கிடப்பது இதனால்தான். தெற்கிலிருந்து வரும் பெரு அலையில் பெரும்பகுதியை இலங்கை மறைத்துவிடும். கிழக்கிலிருந்து வருவதற்கு மறைப்பே கிடையாது.

சரி, எவ்வளவு வரை போகலாம்? 10 குதிரைத்திறன் இன்ஜின் வைத்த சின்ன ஃபைபருக்கு நான் வைத்திருக்கும் கணக்கு: காற்று 10 நாட் வரை கவலையில்லை. 15-க்கு மேல் போகும் என்றால் அதற்கு முன் கரையில் இருக்க வேண்டும். அலை ஒன்றேகால் மீட்டரைத் தாண்டினால் இறக்குவதில்லை. நண்பர் இதைவிடக் கூடுதலாகப் போவார். அவர் கை வேறு, என் கை வேறு.

இந்த எண்களையெல்லாம் நீங்கள் திரும்பி வரும் நேரத்துக்குப் பாருங்கள். புறப்படும் விடியற்காலையில் கடல் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அதனால்தான் புறப்படுகிறோம். வாயில் நுழையப்போவது மதியம். மதிய எண் சரியில்லை என்றால், எத்தனை மணிக்குள் நுழைய வேண்டும் என்பதை அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். காற்று 12 மணிக்கு 15 நாட் என்றால் நான் 10.30-க்கு வாயில், 9 மணிக்கு வலை ஏற்றியிருக்க வேண்டும். அந்த மணியை ஒரு தாளில் எழுதி இன்ஜின் மூடியில் ஒட்டிவிடுவேன். கடலில் மீன் படும்போது மனசு கணக்கை மாற்றும். தாள் மாற்றாது.

5. மாதத்துக்கு ஒரு பொறி

சித்திரை, வைகாசியில் காலை அமைதி, முற்பகல் கழிந்ததும் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம் என்பதால் கடலில் பெரிய படகு இருக்காது. வலைக்கு நல்லது, ஆபத்துக்கு உதவ ஆள் குறைவு.

ஆனி முதல் ஆவணி வரை காற்று மேற்கே, தென்மேற்கே இருந்து. நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரம் அலையே இல்லாமல் தட்டையாகத் தெரியும். இதுதான் எனக்குப் பிடிக்காத அமைதி. அந்தக் காற்றில் இன்ஜின் நின்றால் படகு கரைக்கு ஒதுங்காது, கிழக்கே போய்க்கொண்டே இருக்கும். தெற்கே கோடியக்கரைப் பக்கம் என்றால் இலங்கை எல்லைக்கோடு என்ற கவலையும் சேரும். இந்த மாதங்களில் நங்கூரமும் நீளக் கயிறும் இல்லாமல் இறங்கவே கூடாது. சாயங்காலம் உள்நாட்டில் எழும் இடிமேகம் இரவில் கடலுக்கு இறங்கும். இரவுத் தொழிலுக்குப் போகிறவர்கள் காரைக்கால் ரேடார் படத்தை மாலையிலிருந்தே பாருங்கள். தஞ்சாவூர், மன்னார்குடி மேலே சிவப்பாகத் திரண்டு கிழக்கே நகர்ந்தால் சில மணி நேரத்தில் நம் தலைமேல்.

ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்று, அடுத்தடுத்துக் காற்றழுத்தத் தாழ்வு. கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் இந்தக் கரையில்தான் ஏறியது. புதியவர்கள் இந்த மூன்று மாதத்தைப் படகைப் பழுது பார்க்க வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

தை, மாசிதான் கற்றுக்கொள்ள நல்ல காலம். விடியலில் பனிமூட்டம் இருந்தால் வெயில் வரும்வரை பொறுங்கள்.

6. ஆற்றுவாய்

எந்தச் செயலியும் ஆற்றுவாயின் நிலையைச் சொல்லாது. முன்னறிவிப்பு எல்லாமே வெளிக்கடலுக்கு. டெல்டாவில் சின்னப் படகுகள் அடிபடுவது பெரும்பாலும் வாயில்தான். கவிழ்ந்த படகை இழுத்துக் கட்டிய அன்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னது: "தம்பி, கடல நீ எவ்வளவு வேணா பாரு. வாயப் பாத்தியா?"

வாய் பார்ப்பது என்றால் என்ன என்று அவரே காட்டிக்கொடுத்தார். கல் கொட்டிய தடுப்பின் மேல் ஏறி நின்று பத்து நிமிடம் பேசாமல் பாருங்கள். அலைகள் கூட்டமாக வரும். நாலைந்து பெரிது, பிறகு ஒரு சின்ன ஓய்வு. பெரிய கூட்டம் வரும்போது நுரை வாய் முழுவதையும் அடைக்கிறதா, எங்காவது ஒரு சந்து கறுப்பாக உடையாமல் கிடக்கிறதா என்று கவனியுங்கள். உடையாத இடம் ஆழம். முழுவதும் அடைத்தால் அன்று வேலை இல்லை. சந்து இருந்தால், கூட்டம் முடிந்து ஓய்வு தொடங்கும் கணத்தில் புறப்பட வேண்டும். நுழையும்போதும் அதே கணக்கு. ஓர் அலையின் முதுகில் ஒட்டிக்கொண்டு வர வேண்டும், அதை முந்தக் கூடாது, பின்னால் வரும் அலைக்கும் பிடிகொடுக்கக் கூடாது.

இத்துடன் ஓதத்தையும் சேருங்கள். நம் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட இல்லை, அதனால் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் வாயில் மூன்றடி தண்ணீர் இருக்கும் இடத்தில் ஒன்றரை அடி வற்றினால் மிச்சம் என்ன? ஓதம் நாளுக்கு இரண்டு முறை ஏறும், ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றுவதும் அதிகம். வற்றும் நேரத்தில் ஆற்றுநீர் வெளியே ஓடும், அலை உள்ளே வரும், இரண்டும் மோதும் இடத்தில் அலை செங்குத்தாக எழும்பும். முடிந்தவரை ஏறும் நீரில் நுழையுங்கள்.

கோடையில் ஆற்றில் தண்ணீர் இல்லாததால் மணல் வாயை மூடிவரும். போன வாரம் போன சந்து இந்த வாரம் இருக்காது. மழைக்காலத்தில் நேர்மாறு: வெள்ளம் வாயைத் திறக்கும், கூடவே ஆகாயத்தாமரை, வாழைமரம், மூங்கில் என்று எல்லாவற்றையும் இழுத்து வரும். இரவில் அதில் விசிறி மாட்டினால் அவ்வளவுதான். பழையாறு பக்கம் இருப்பவர்கள் கொள்ளிடத்தில் எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். மேட்டூர் நிரம்பி உபரி நீர் விட்ட சில நாளில் அது உங்கள் வாய்க்கு வந்துசேரும். வயல்காரனுக்குத் தெரிந்த ஒரே விஷயம் இதில் உதவியது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

7. பொருளும் செலவும்

மிதவை அங்கி ஆளுக்கு ஒன்று. ஆயிரத்துச் சொச்சத்திலேயே கிடைக்கும். போட்டுப் பார்த்து, தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள், காதுவரை ஏறினால் அளவு சரியில்லை. வாங்கிப் பெட்டியில் வைப்பதில் பயனில்லை, வாயில் நுழையும்போதும் வெளியேறும்போதுமாவது போடுங்கள்.

எரிபொருளை மூன்றாகப் பிரியுங்கள்: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, தொடாமல் ஒரு பங்கு. எதிர்காற்றில் திரும்பினால் மூன்றாவது பங்கின் அருமை தெரியும்.

கைபேசியைக் கரையிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு அப்பால் நம்ப வேண்டாம். விஎச்எஃப் என்னும் வானொலிக் கருவி இருந்தால் 16-ஆம் அலைவரிசை ஆபத்து அழைப்புக்கு. அதன் உரிம நடைமுறை, மானியத்தில் கிடைக்கும் ஆபத்து அறிவிப்புக் கருவி, படகு இருக்கும் இடத்தைக் காட்டும் டிரான்ஸ்பாண்டர் பற்றியெல்லாம் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். தனியாரிடம் கருவி வாங்குமுன் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் எனக்கு ஒரு மாத வருமானம் மிச்சமாகியிருக்கும்.

8. கடலில் இருக்கும்போது

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்கும்வரை உள்ள வினாடியை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். 30 வினாடி என்றால் பத்து கிலோமீட்டர், அப்போதே வலையைத் தூக்க வேண்டும். மேற்கே அடிவானத்தில் கறுப்பும், அதன் அடியில் வெள்ளையாக ஒரு கோடும் தெரிந்து, வீசிக்கொண்டிருந்த காற்று சட்டென்று நின்றால் எண்ணவும் நேரமில்லை. கடல்மேல் ஆங்காங்கே வெள்ளை நுரைத்தலை தெரியத் தொடங்கினால் காற்று 10 நாட்டைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. எங்கு பார்த்தாலும் தெரிந்தால் திரும்பியிருக்க வேண்டிய நேரம் போய்விட்டது.

வாய் அடைத்துக் கிடந்தால் நுழைய முயலாதீர்கள். நாகை, காரைக்கால், பூம்புகார், பழையாறு மீன்பிடித் துறைமுகங்களில் எது பக்கமோ அங்கே போங்கள். டீசல் கூடுதலாகும், படகு அங்கேயே கிடக்கும், பஸ் பிடித்து வீட்டுக்கு வர வேண்டியிருக்கும். பஸ் டிக்கெட் மலிவு.

9. கரையில் ஒருவர்

ஒரே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், பத்துப் பேரிடம் வேண்டாம். பத்துப் பேரில் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். எனக்கு என் அக்கா. அவரிடம் ஒரு தாள் இருக்கிறது: படகின் பதிவு எண், நிறம், கூட வருபவர் பெயர், எந்தத் திசை, எத்தனை மணிக்கு வாயில் நுழைவேன், கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. சொன்ன மணிக்கு ஒரு மணி நேரம் தாண்டினால் பக்கத்துப் படகுக்காரருக்கு அழைப்பார், இரண்டு மணி நேரம் தாண்டினால் 1554. கரையேறியதும் முதல் வேலை அக்காவுக்கு ஃபோன். ஒருமுறை மீன் ஏலம் விட்டு முடித்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அதற்குள் பக்கத்துப் படகுக்காரர் டீசல் ஊற்றிக்கொண்டு என்னைத் தேடிப் புறப்பட்டுவிட்டார். அந்த டீசலுக்கு நான்தான் காசு கொடுத்தேன்.